ரசீதுப் புத்தகத்தில் தொடங்குங்கள்: செட்டிநாட்டில் அறக்கட்டளை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் மாலை வகுப்புக்குப் பணம் கேட்டு நான் முதன்முதலில் போய் நின்றது ஓர் ஆச்சி வீட்டு முகப்பில். எண்பதைத் தாண்டியவர். நான் கொண்டுபோன வண்ண நோட்டீஸை வாங்கிப் பக்கத்தில் வைத்தார், பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு பழைய மொய் நோட்டை எடுத்து வந்தார். அதன் கடைசிப் பக்கங்களில், எந்தத் தர்மத்துக்கு எவ்வளவு கொடுத்தார் என்று தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினார்.

"லைப்ரரிக்குன்னு அஞ்சு வருசத்துக்கு முன்னாடி ரெண்டாயிரம் வாங்கிட்டுப் போனீகளே, அது என்னாச்சுப்பா?"

வாங்கியது நான் இல்லை, எனக்கு முன்னால் இருந்தவர்கள். ஆனால் ரசீதில் இருந்தது எங்கள் டிரஸ்ட் பெயர்தான். பதில் தெரியவில்லை. மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த இரண்டாயிரத்தைத் தேட ஒன்றரை மாதம் ஆனது. ரசீது அடிக்கட்டை ஒரு டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. வாங்கிய புத்தகங்கள் இன்னொரு வீட்டின் இரண்டாம் கட்டில் சாக்கில் கட்டிக் கிடந்தன. பிரித்து, எண்ணி, பட்டியல் எழுதி, தாளோடு மறுபடி போனேன். முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஐயாயிரம் கொடுத்தார். அந்தத் தாளுக்குத்தான் கொடுத்தார் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதற்கப்புறம் பதினோரு வருடம் பொருளாளராக இருந்தேன். பணம் திரட்டுவது என்று தனியாக ஒரு வித்தை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கணக்குச் சொல்லத் தெரிந்தவரிடம் பணம் வருகிறது, அவ்வளவுதான். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வரும். டிரஸ்ட் தொடங்க நினைப்பவர்களும், அப்பச்சி காலத்து டிரஸ்ட் தலையில் விழுந்து முழிப்பவர்களும் படிக்கலாம்.

படி 1: டிரஸ்ட் உண்மையிலேயே வேண்டுமா?

செட்டிநாட்டில் தர்மத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடம், சத்திரம், விடுதி, பாடசாலை, ஊருணி என்று எதை எடுத்தாலும் யாரோ ஒருவர் முன்பே எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார். அவற்றில் பல தூங்கிக்கொண்டிருக்கும். புதிதாக ஒன்றைத் தொடங்கும் முன் உங்கள் ஊரில் தூங்கும் டிரஸ்ட் எது, அதன் பத்திரம் யாரிடம் இருக்கிறது, என்ன நோக்கத்துக்கு எழுதப்பட்டது என்று ஒரு மாதம் விசாரியுங்கள். இருப்பதை எழுப்புவது சில சமயம் புதிதாகத் தொடங்குவதைவிடச் சுலபம். சில சமயம் பங்காளிச் சண்டையில் போய் முடியும். விசாரிக்கும்போதே எது என்று வாடை தெரிந்துவிடும்.

வேலை ஒரே தடவையோடு முடிவதாக இருந்தால் டிரஸ்டே வேண்டாம். அரசுப் பள்ளிக்கு வகுப்பறையோ கழிப்பறையோ கட்டித்தர நினைப்பவர்களுக்கு, 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. ஊர்ப் பொதுவேலை என்றால் 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட, மீதியை அரசு போடும். ஊருணி தூர் வாரக் கிளம்புபவர்களுக்கு இன்னொரு வார்த்தை: ஊராட்சித் தீர்மானமும், வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் எழுத்து அனுமதியும் கையில் இல்லாமல் ஜேசிபியை இறக்காதீர்கள். அப்புறம், வரத்துக்கால் அடைந்து கிடக்க, குழியை மட்டும் ஆழப்படுத்தி என்ன பயன்? பணத்தில் பாதியை வரத்துக்காலுக்கு ஒதுக்குங்கள். போட்டோவுக்கு நன்றாக இருப்பது ஊருணி, தண்ணீர் கொண்டு வருவது வரத்துக்கால்.

மூன்று வருடத்துக்கு மேல் தொடர்ந்து நடக்க வேண்டிய வேலை, பலரிடம் பணம் வாங்க வேண்டிய வேலை என்றால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: எந்த வடிவம்?

மூன்று வழி உண்டு. பொது அறக்கட்டளைக்குப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும், வருடா வருடம் பொதுக்குழு கூட்டி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். மூன்றாவது, கம்பெனிச் சட்டம் 2013-இன் 8-ஆம் பிரிவில் வரும் லாப நோக்கற்ற கம்பெனி. கட்டுப்பாடும் அதிகம், செலவும் அதிகம்.

ஊரளவில் நான்கைந்து பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கு டிரஸ்ட் போதும். உறுப்பினர் சந்தா வாங்கி, தேர்தல் வைத்து நடத்துவதென்றால் சங்கம். பெரிய நிறுவனங்களின் பணத்தை நம்பி, பல மாவட்டங்களில் வேலை செய்யப் போகிறவர்கள் கம்பெனியைப் பற்றி யோசிக்கலாம். என் சாய்வு டிரஸ்ட் பக்கம்தான். ஆனால் டிரஸ்டில் பத்திரத்தில் செய்த தப்பைப் பின்னால் திருத்துவது பெரும்பாடு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

படி 3: பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும்

பத்திர எழுத்தரிடம் ஒரு பழைய மாதிரி இருக்கும். பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்துவிடுவார். அதை வாங்கி அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் நோக்கம். இந்த ஊரில் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். "எங்கள் சமூகத்துப் பிள்ளைகளின் கல்விக்கு" என்று ஆசையாக எழுதிவிடுவார்கள். குறிப்பிட்ட ஒரு மதத்துக்கோ சாதிக்கோ மட்டும் பயன்படும் அறக்கட்டளைக்கு 80ஜி, அதாவது நன்கொடை கொடுப்பவருக்கு வரிக் கழிவு தரும் பதிவு, கிடைக்காது. டிரஸ்டின் சொந்த வருமான வரி விலக்கும் சிக்கலாகும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோர் நலனுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வயல்வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் வீட்டுப் பிள்ளைகள். 'இவ்வூரிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள பள்ளிப் பிள்ளைகள்' என்று எழுதியதால் தப்பித்தோம். கோயில் காரியத்தையும் கல்விக் காரியத்தையும் ஒரே பத்திரத்தில் போட்டுக் குழப்பாதீர்கள். 80ஜி வாங்கிய டிரஸ்ட், வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதக் காரியத்துக்குச் செலவிடக் கூடாது. கும்பாபிஷேகத்துக்குத் தனி டிரஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அறங்காவலர்கள். ஐந்து அல்லது ஏழு பேர். ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். குறைந்தது இரண்டு பேர் ஊரிலேயே குடியிருப்பவர்களாக இருக்கட்டும். சென்னையில் மூன்று பேர், கோலாலம்பூரில் ஒருவர், பெங்களூரில் ஒருவர் என்று வைத்தால், டிரான்ஸ்பார்மர் பிரச்சினைக்கு யார் மின்வாரிய ஆபீசில் போய் நிற்பது? பதவிக்காலம் மூன்று வருடம், தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கூடாது என்று ஒரு வரி எழுதுங்கள். எங்கள் பத்திரத்தில் அந்த வரி இல்லை. நான் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான், என் திறமை இல்லை.

மூன்றாவது, மூடுவிழா. டிரஸ்ட் கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு பொது அறக்கட்டளைக்குப் போகும், அறங்காவலர்களுக்குப் போகாது என்று தெளிவாக இருக்க வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால் வருமான வரிப் பதிவு விண்ணப்பத்தில் கேள்வி வரும்.

பத்திரத்தில் வராத, ஆனால் பத்திரத்தோடு சேர்ந்த விஷயம் இடம். செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடு ஏராளம். "நம்ம வீட்டு முகப்புல நடத்திக்கங்க" என்று யாராவது மனதாரச் சொல்வார்கள். அந்த வீட்டுக்கு எத்தனை பங்காளிகள் என்று கேளுங்கள். எங்களுக்கு முகப்பைத் தந்தவர் நல்ல மனிதர், ஆனால் இருபதில் ஒரு பங்குக்காரர். எட்டாவது மாதம் இன்னொரு பங்குக்காரர் தந்தி மாதிரி ஒரு கடிதம் அனுப்பினார், நாற்பது பிள்ளைகளோடு வேறு இடம் தேடினோம். பங்குக்காரர்கள் எல்லோரிடமும், முடியாவிட்டால் பெரும்பாலோரிடமாவது, 11 மாத அனுமதி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். வாடகை ஒரு ரூபாயாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

படி 4: பதிவுகள், வரிசைப்படி

பத்திரம் பதிந்தவுடன் டிரஸ்ட் பெயரில் பான் கார்டு, அப்புறம் வங்கிக் கணக்கு. கணக்கில் இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். அதன் பிறகு வருமான வரித் துறையில் இரண்டு பதிவுகள். டிரஸ்டின் வருமானத்துக்கு விலக்குத் தருவது 12ஏ (இப்போது 12ஏபி). கொடுப்பவருக்கு வரிக் கழிவு தருவது 80ஜி. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்துக்கு நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. அதில் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. ஊரில் எல்லோர் வாயிலும் '80ஜி இருக்கா' என்பதுதான் புழங்குகிறது, நானும் பழகிய எண்களையே சொல்கிறேன். விண்ணப்பிக்கும்போது புது எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புது டிரஸ்டுக்கு முதலில் மூன்று வருடத்துக்குத் தற்காலிகப் பதிவு தருவார்கள். வேலையைத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, இவற்றில் எது முந்தி வருகிறதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 'மூன்று வருடம் இருக்கிறதே' என்று தூங்கிவிடுவதுதான் வழக்கமான விபத்து. தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

தொண்டு நிறுவனங்களைப் பதியும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்திலும் பதிந்து வையுங்கள். அரசு மானியத்துக்கும், வெளிநாட்டு நன்கொடை அனுமதிக்கும் அந்த எண் கேட்பார்கள்.

படி 5: எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள்

"முடிஞ்சதைக் கொடுங்க" என்று கேட்டால் முடியாததைத்தான் கொடுப்பார்கள், அதாவது ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். தொகை சொல்ல வேண்டும், அதற்குப் பட்ஜெட் வேண்டும். எங்கள் மாலை வகுப்பை வைத்தே போட்டுக் காட்டுகிறேன்.

பிள்ளைகள் 40. பத்து மாதத்தில் 200 வகுப்பு நாட்கள். இரண்டு ஆசிரியர்களுக்கு மாதம் 7,000 வீதம் 1,40,000 ரூபாய். சுண்டலுக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 ரூபாய், அதில் 80,000. கரண்ட், நோட்டு, பேனா, கரும்பலகை எல்லாம் சேர்த்து 20,000. ஆடிட்டர், தபால், வங்கிச் செலவு 15,000. கூட்டினால் 2,55,000. எதிர்பாராத செலவுக்கு 25,000 சேர்த்தால் 2,80,000. நாற்பதால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு வருடம் 7,000 ரூபாய்.

இந்த 7,000 என்ற எண்தான் எங்கள் சொத்து. கேட்பவர் மனதில் சட்டென்று உட்காரும். ஆடிட்டர் செலவை மறைக்காதீர்கள். 'நிர்வாகச் செலவே கிடையாது, எல்லாம் பிள்ளைகளுக்குத்தான்' என்று பெருமையடிப்பவர்களின் கணக்கை எனக்குப் பார்க்கத் தோன்றும். இந்த மண்ணில் வட்டிக்கடை நடத்தியவர்களின் பேரன் பேத்திகளிடம் கணக்குப்பிள்ளைக்குச் சம்பளம் இல்லை என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அடுத்து, அந்த 2,80,000 எங்கிருந்து? 50,000 ரூபாய் ஒருவர். 25,000 வீதம் நான்கு பேர், அது ஒரு லட்சம். 10,000 வீதம் எட்டுப் பேர், 80,000. மீதி 50,000-க்கு 'ஒரு நாள் சுண்டல்' 400 ரூபாய் என்று 125 நாட்கள். இப்படிப் படிக்கட்டாகப் போட்டால் எத்தனை பெரிய வீட்டில் ஏற வேண்டும், எத்தனை சின்ன நன்கொடை தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒருவர் 'சரி' சொல்ல மூன்று நான்கு பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்பது என் அனுபவம். 25,000 தரும் நால்வருக்காகப் பதினைந்து பெயராவது நோட்டில் இருக்க வேண்டும்.

படி 6: கேட்பது

முதல் பணம் அறங்காவலர்களுடையதாக இருக்கட்டும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் வந்ததற்குக் காரணம் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தானே முன்வைத்ததுதான். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். நம் தகுதிக்கு அது ஐந்நூறு ரூபாயாக இருக்கலாம். 'நீங்க எவ்வளவு போட்டீக?' என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள், அப்போது பதில் இருக்க வேண்டும்.

எல்லோரிடமும் கொஞ்சம் வாங்குவது எப்படி என்பதை நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில்களின் புள்ளி வரியில் பார்க்கலாம். கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. பணக்காரர், ஏழை என்றில்லாமல் எல்லாப் புள்ளிக்கும் ஒரே வரி. வசதியுள்ளவர் அதற்கு மேல் உபயமாகச் செய்துகொள்வார். சின்னத் தொகை, ஆனால் ஏட்டில் எல்லோர் பெயரும் இருக்கும். நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்களே, அந்தப் புள்ளிக் கணக்கில் தங்கள் பெயரும் இருக்கிறது என்பதும் ஒரு காரணம். எங்கள் 400 ரூபாய்ச் சுண்டல் நாளை நான் இதைப் பார்த்துத்தான் வைத்தேன். 400 கொடுத்தவர் ஐந்து வருடத்தில் 25,000 கொடுப்பவராக மாறியது உண்டு. ஒன்றுமே கொடுக்காதவர் ஒரே நாளில் 25,000 கொடுத்து நான் பார்த்ததில்லை.

கேட்கும் காலம் முக்கியம். தை மாதத்தில்தான் பூட்டிய வீடுகள் திறக்கும். பொங்கல், கல்யாணங்கள், பழனிக்குக் காவடி என்று ஊரே நிரம்பும். பங்காளிகள் எல்லோரும் படைப்புக்கு, அதாவது முன்னோருக்குப் படையல் போடும் நாளுக்கு, கூடும் வீட்டில் உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். ஆனால் படைப்பு நடுவில் ரசீதுப் புத்தகத்தை நீட்டாதீர்கள். அன்றைக்கு ஒரு வணக்கம், மறுநாள் காலை காப்பிக்கு அப்புறம் பேச்சு. கல்யாண வீட்டில் கேட்கவே வேண்டாம்.

நேரில் பார்க்க முடியாதவருக்கு வாட்ஸ்ஆப். நூறு பேர் குழுவில் ஒரே செய்தியைத் தட்டிவிட்டால் நூறு பேரும் 'வாழ்த்துகள்' போட்டுவிட்டுப் போவார்கள். தனித்தனியாக அனுப்புங்கள். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"அண்ணே, வணக்கம். நம்ம மாலை வகுப்பில் இந்த வருடம் 40 பிள்ளைகள். போன வருடம் நீங்கள் கொடுத்த 10,000-இல் ஜூன் மாதத்திலிருந்து 25 வகுப்பு நாட்களுக்குச் சுண்டல் போட்டோம், கணக்கு இத்துடன் இருக்கிறது. இந்த வருடம் உங்களிடம் 25,000 கேட்கிறேன். முடியும், முடியாது, எதுவானாலும் 15-ஆம் தேதிக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடியாவிட்டாலும் தையில் ஊருக்கு வரும்போது ஒரு சாயங்காலம் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள்."

பழைய கணக்கு முதலில், புதிய தொகை பிறகு, ஒரு தேதி, மறுப்பதற்கு ஒரு கௌரவமான வழி. பிள்ளைகள் கண்ணீரோடு நிற்கும் படமெல்லாம் அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளையின் அம்மா நாளைக்கு அதே கடைவீதியில் உங்களைப் பார்ப்பார்.

பணம் வந்த இரண்டு நாளுக்குள் ரசீது, நன்றி. மூன்று மாதம் கழித்து எதுவும் கேட்காமல் ஒரு செய்தி. பெயர் போடுவது பற்றி: இங்கே டியூப்லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு 'உபயம்' எழுதும் பழக்கம் உண்டு. அதைக் கிண்டலடிப்பது சுலபம், ஆனால் பெயர் பார்க்க ஆசைப்படுவது தப்பில்லை. நாங்கள் பொருளில் எழுதாமல் ஒரே பலகையில் அந்த வருடத்து எல்லாப் பெயரையும் அகர வரிசையில் எழுதுகிறோம், தொகை இல்லாமல். முதல் வருடம் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

நாளை மாற்றாமல் வைத்துக்கொள்வதிலும் ஒரு பலன் இருக்கிறது. காரைக்குடிக் கம்பன் கழகம் சா. கணேசன் 1939-இல் தொடங்கியது. பங்குனி வந்தால் கம்பன் விழா என்பது யாரும் சொல்லாமலே தெரியும். உங்கள் வருடாந்திரக் கூட்டத்துக்கும் அப்படி ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு மாற்றாதீர்கள். எங்களுக்கு மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாள்.

80ஜி பற்றிச் சரியாகச் சொல்லுங்கள். சாதாரண டிரஸ்டுக்குக் கொடுத்தால் தொகையில் பாதிதான் வருமானத்திலிருந்து கழியும், அதற்கும் மொத்த வருமானத்தை ஒட்டி ஓர் உச்சவரம்பு உண்டு. 10,000 கொடுத்தால் 5,000 ரூபாய் வருமானத்தில் கழிவு. வரியில் 5,000 குறையாது. பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்தான் இந்தக் கழிவு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. 'முழு வரிவிலக்கு' என்று நோட்டீஸில் அடித்துவிட்டு, அவர்கள் ரிட்டர்ன் போடும் ஜூலை மாதம் திட்டு வாங்காதீர்கள்.

படி 7: வெளிநாட்டுச் சொந்தம், வெளிநாட்டுப் பணம்

மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா என்று பரவிக் கிடக்கும் ஊர் இது. "மச்சான், நான் அனுப்பி வைக்கிறேன்" என்று ஒரு போன் வரும். நிறுத்தி, ஒரு கேள்வி கேளுங்கள்: பாஸ்போர்ட் எந்த நாடு?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தாராளமாக வாங்கலாம், பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரானால், உங்கள் சொந்த மாமா மகனாக இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், இங்கே உள்ள வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகவே கொடுத்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, எஃப்சிஆர்ஏ என்று எல்லோரும் சொல்வது, பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

அந்தப் பதிவுக்குப் பொதுவாக டிரஸ்ட் மூன்று வருடம் நடந்திருக்க வேண்டும், மூன்று வருடத்தில் நோக்கத்துக்காக 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். கிடைத்த பின்னும், பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய பணத்தை இன்னொரு டிரஸ்டுக்கு மாற்றிவிடக் கூடாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

எங்களைப் போல வருடம் மூன்று லட்சம் புரளும் டிரஸ்டுக்கு இது ஆகாத வேலை. 'ஊரில் இருக்கும் உங்கள் தம்பியை, அவர் சொந்தப் பணத்தில், எங்கள் உறுப்பினராக்குங்கள். நீங்கள் வந்து பத்து நாள் பாடம் எடுங்கள்' என்று சொல்லிவிடுவேன். நேரமும் உழைப்பும் தருவதற்கு இந்தச் சட்டம் குறுக்கே வராது.

படி 8: கம்பெனிப் பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான ஊர் டிரஸ்டுகளுக்கு இது கானல் நீர். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதை வாங்க உங்களிடம் 12ஏ, 80ஜி, மூன்று வருட வேலை அனுபவம், சிஎஸ்ஆர்-1 பதிவு (இந்தச் சமூகப் பணிப் பணத்தை வாங்குவதற்கான பதிவு) எல்லாம் வேண்டும். தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கே முன்னுரிமை தருவார்கள். முதல் மூன்று வருடம் இதற்காக அலையாமல் உங்கள் 400 ரூபாய்க்காரர்களைக் கவனியுங்கள். நான்காவது வருடம் ஆடிட் செய்த மூன்று ஐந்தொகையோடு போனால் மரியாதை வேறு மாதிரி இருக்கும்.

படி 9: கணக்கு

எங்கள் விதிகள் கொஞ்சம்தான், ஆனால் தளர்த்த மாட்டோம். ரசீது எண் அச்சடித்த புத்தகம், அடிக்கட்டையோடு. கெட்டுப்போன ரசீதைக் கிழிக்காமல் 'ரத்து' எழுதி ஒட்டி வைக்க வேண்டும். வசூலான ரொக்கத்திலிருந்து நேராகச் செலவு கூடாது, முதலில் வங்கிக்குப் போக வேண்டும். கைச்செலவுக்கு 3,000 ரூபாய் மட்டும். சுண்டல் கடலைக்கும் வவுச்சர் உண்டு. பில் இல்லாத சந்தைக் கடை என்றால் வாங்கியவர், சமைத்தவர் இருவர் கையெழுத்து. மாதம் முதல் ஞாயிறு பேரேட்டையும் வங்கிப் புத்தகத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

ரொக்கத்தில் இரண்டு எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது அறச் செலவாகக் கணக்கில் ஏறாது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. பெயர் தெரியாத நன்கொடைக்கும் வரம்பு உண்டு. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. கல்வி டிரஸ்டில் உண்டியல் வைக்க ஆசைப்படுகிறவர்கள் கவனியுங்கள்.

வருட வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருடமே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். முடியாவிட்டால், எதற்காகச் சேர்க்கிறோம் என்று படிவம் கொடுத்து ஐந்து வருடம் வரை வைத்திருக்கலாம். கொடுப்பவர் 'இது மூலதன நிதிக்கு' என்று எழுதிக் கொடுத்தால் அதைத் தனியாகச் சட்டம் சொல்லும் முதலீட்டில் போட்டு வட்டியைச் செலவிடலாம்.

இந்த மூலதன நிதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் கட்டளை எழுதி வைப்பது ரத்தத்தில் ஊறியது. அந்தக் காலத்தில் 1,000 ரூபாய் வட்டியில் வருடம் முழுக்க விளக்கெரிந்திருக்கும். இன்று 7 சதவீதத்தில் அந்த ஆயிரத்துக்கு வருவது 70 ரூபாய், ஒரு பாட்டில் நல்லெண்ணெய்கூட வராது. அதனால் வட்டி முழுவதையும் செலவழிக்காமல் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துக்கொண்டே போங்கள். 'என் பெயரில் ஆண்டாண்டு காலத்துக்கும்' என்று கேட்பவரிடம் 'இருபது வருடத்துக்கு உறுதி தருகிறோம்' என்று நேராகச் சொல்லுங்கள்.

படி 10: தேதிகள்

மே 31: முந்தைய நிதியாண்டில் 80ஜி நன்கொடை தந்தவர்களின் பட்டியலை 10பிடி படிவத்தில் ஏற்றி, 10பிஇ சான்றிதழை ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். செப்டம்பர் 30: ஆடிட் அறிக்கை. அக்டோபர் 31: ரிட்டர்ன். எஃப்சிஆர்ஏ இருந்தால் டிசம்பர் 31-க்குள் அதன் ஆண்டறிக்கை.

ஒரு வருடம் மே மாதத்தை நாங்கள் கோட்டை விட்டோம். எங்கள் ரசீதுகளில் பான் எண் பாதிக்கு மேல் இல்லை, தேடிப் பிடிப்பதற்குள் ஜூன் பாதி போய்விட்டது. பதினெட்டு நாள், 3,600 ரூபாய். அறங்காவலர்கள் ஐந்து பேரும் கையிலிருந்து போட்டுக் கட்டினோம், சுண்டல் பணத்தைத் தொடவில்லை. அதை அந்த வருடக் கூட்டத்தில் வாசித்தும் காட்டினோம். அந்த மொய் நோட்டு ஆச்சி முன்வரிசையில்தான் இருந்தார்; "சரி, மேல படி" என்றார். அன்றிலிருந்து பான் எண் எழுதாமல் ரசீது கிழிப்பதில்லை.

கடைசி வேலை: ஒப்படைப்பு

பொருளாளர் மாறும்போது கொடுக்க வேண்டியவை: அசல் பத்திரம், பான் அட்டை, பதிவு உத்தரவுகள், வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டு, ஓடிபி வரும் சிம், காசோலைப் புத்தகம், ரசீது அடிக்கட்டைகள், தீர்மானப் புத்தகம், வவுச்சர் கோப்புகள். சிம்மைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்; யாரோ ஒருவர் மகனின் நம்பரில் பதிந்துவிட்டு, அவர் துபாய் போனதும் திண்டாடும் டிரஸ்டுகள் நிறைய. எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்திட்டு, ஒரு நகலைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டுங்கள். வங்கியில் கையெழுத்து மாறும் வரை பழையவர் விலகக் கூடாது.

போன தையில் நான் பீரோச் சாவியைக் கொடுத்தேன். புதிய பொருளாளர் எங்கள் வகுப்பிலேயே படித்த பெண், இப்போது காரைக்குடியில் ஆடிட்டர் ஆபீசில் வேலை. ஒரு வாரம் கழித்து போன் செய்தார். "சித்தப்பா, 2022 ஆகஸ்ட்ல கடலைக்கு 350 ரூபா எழுதியிருக்கீங்க, வவுச்சரைக் காணோமே?"

தேடிக்கொண்டிருக்கிறேன்.